துடுப்பு யார் கையில்?



விடுமுறை கிடைத்ததும் நண்பர்கள் நாலைந்து பேர் கூடி, வண்டியில் மலைநாட்டுக்குப் புறப்படுவது இன்று இளைஞர்களிடையே வழக்கமாகிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளியைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்துத் தேக்கடி. இரண்டும் தமிழகத்தின் எல்லையை ஒட்டிய புலிகள் காப்பகங்கள். நெடும்பயணத்தின் நடுவே இளைப்பாற வருவோரை மூங்கில் தெப்பத்தில் ஏற்றி நீரில் அழைத்துச் செல்லும் ஏற்பாடு இரண்டு இடங்களிலும் உண்டு.

1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை நீரைத் தேக்கியதால் உருவானது தேக்கடி ஏரி. அதன்மீது செல்லும் தெப்பத்திற்கு இயந்திரம் இல்லை; இரைச்சல் இல்லை. மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, துடுப்பின் அசைவுக்கு மெல்ல நகர்கிறது. நகரத்து ஆரவாரத்தில் களைத்த மனம் அங்கே அமைதி பெறுகிறது. இத்தகைய ஓய்வில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தத் தெப்பத்தில் ஏறுபவர் ஒரு கேள்வியையும் தமக்குள் எழுப்பிக்கொண்டால், அன்றைய பயணம் வெறும் பொழுதுபோக்காக முடியாது. நம்மை நம்பிக்கையோடு அமரச் செய்து, துடுப்புப் போடுகிறவர் யார்?

பெரியாறு காட்டில் வயணா என்றொரு மரம் உண்டு. அது காட்டு இலவங்க வகையைச் சேர்ந்தது. அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக் கடத்தி விற்பதையே பிழைப்பாகக் கொண்ட கூட்டத்தினர் அங்கே இருந்தனர். வேட்டையும் அவர்களுக்குப் புதிதல்ல. காவலர் கண்ணில் படாமல் செல்லும் ஒற்றையடிப் பாதைகள், விலங்குகள் நீர் அருந்த வரும் இடங்கள், இரவில் ஒதுங்கத்தக்க பாறையிடுக்குகள் ஆகிய யாவும் அவர்களுக்கு அத்துப்படி. வனத்துறை அவர்களைத் துரத்தியது. அவர்கள்மீது வழக்குகள் தொடர்ந்தன. இருந்தும் திருட்டு ஓயவில்லை.

1990-களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியோடு நடந்த இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போருக்கென்றே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. பழைய தொழிலைக் கைவிட்டு வந்தவர்களுக்குக் காட்டைக் காக்கும் பணியும், பயணிகளுக்கு வழிகாட்டும் பணியும் தரப்பட்டன. எந்தப் பாதையில் கள்ளத்தனமாக நடந்தார்களோ, அதே பாதையில் அவர்கள் காவலர்களாக நடந்தார்கள். யானையின் வாசனையை முன்கூட்டி அறியும் மூக்கும், சருகின் ஓசையைப் பிரித்தறியும் காதும் மாறவில்லை. அவை யாருக்காகப் பயன்பட்டன என்பதே மாறியது.

பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில், பெரும்பாவம் செய்தவனையும் கரைசேர்க்க வல்லது ஞானம் என்று கண்ணன் அர்ஜுனனுக்கு உறுதியளிக்கிறான். அங்கே ஞானத்திற்கு அவன் கூறும் உவமை ‘பிலவம்’. மிதவை, தெப்பம் என்பது அச்சொல்லின் பொருள். மாளிகை போன்ற மரக்கலத்தைச் சொல்லாமல், எளிய தெப்பத்தைச் சொன்னதை எண்ணிப் பாருங்கள்.

நம் திருமங்கையாழ்வாரின் வரலாறும் இதையே காட்டுகிறது. அடியார்களுக்கு அமுது படைக்கப் பொருள் இல்லாதபோது வழிப்பறியில் இறங்கியவர் அவர். திருமால் மணமகன் கோலத்தில் வந்து, தாமே அவரிடம் அகப்பட்டு, திருமந்திரத்தை உபதேசித்து ஆட்கொண்டார் என்பது வைணவ மரபு. ‘பிழை பொறுத்தோம், போய் வா’ என்று பெருமாள் அவரை அனுப்பிவிடவில்லை. பாடும் பணியைத் தந்தார். திருவரங்கத்தில் மதில் எழுப்பும் கைங்கரியத்தையும் ஏற்றார். கொள்ளையடிக்கத் துணிந்த அதே நெஞ்சுரம் தொண்டுக்குத் துணிந்தது. இன்றும் திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாளன்று வேடுபறி உற்சவம் நடைபெறுகிறது. ஆழ்வாரின் பழைய தொழிலைக் கோயில் மறைக்கவில்லை; விழாவாகவே கொண்டாடுகிறது!

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். குடிப்பழக்கத்தை விட்டுத் திரும்பிய தம்பி, கடன்பட்டு வீட்டைத் தவிக்கவிட்டுப் பின் வருந்தி வந்த மகன், சிறை சென்று மீண்ட உறவினர் — இப்படி ஒருவர் பல குடும்பங்களில் உண்டு. ‘மன்னித்துவிட்டோம்’ என்கிறோம், உணவும் இடுகிறோம். ஆனால் பெட்டிச் சாவியை அவர் கண்ணில் படாமல் வைக்கிறோம். திருமணப் பேச்சு நடந்தால் அவரைக் கலந்துகொள்வதில்லை. ஆண்டுகள் பல சென்றபின்னும் அவரைத் தெப்பத்தின் ஓரத்தில் உட்காரவைத்திருக்கிறோமே தவிர, துடுப்பைத் தருவதில்லை. பொறுப்பில்லாத மன்னிப்பு பாதி மன்னிப்புதான். தன்னை நம்பி ஒரு வேலையும் தரப்படாதவன், தான் திருந்தியதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பான்?

கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று சொல்லவில்லை. தேக்கடியிலும் அப்படி நடக்கவில்லை. பழைய தொழிலை முற்றாக விடவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. குழு இருந்தது, கூட்டுப் பொறுப்பு இருந்தது, நேர்மையாக உழைத்தால் வயிறு நிறையும் என்ற ஏற்பாடும் இருந்தது. தெப்பத்தின் மூங்கில்களைக் கயிறு பிணைத்து நிறுத்துவதுபோல, திருந்தி வந்தவரைச் சுற்றியிருப்போரின் துணையும் ஒழுங்கும் பிணைத்து நிறுத்த வேண்டும். கயிறில்லாத மூங்கில் தனித்தனியே மிதந்து போய்விடும்.

ஆகவே, முதலில் சிறிய பொறுப்பு ஒன்றைக் கொடுப்போம். ஒரு நாள் கடைக் கணக்கு, குழந்தையைப் பள்ளியில் விட்டுவரும் வேலை, கோயில் திருவிழாவில் ஒரு பணி, எதுவாயினும் சரி. அதைச் செய்து முடித்தால் அடுத்ததைக் கொடுப்போம். நம் தவறுகளையெல்லாம் அறிந்தும், ஒவ்வொரு நாள் காலையிலும் இந்த வாழ்வு என்னும் துடுப்பை நம் கையிலேயே தருகிறான் இறைவன். அந்தப் பெருந்தன்மையில் ஒரு துளியாவது நமக்கு வாய்க்க அவன் திருவருள் துணைநிற்பதாக!