மறைவிடத்து அமானிதம்

செஞ்சிக் கோட்டைக்கு வருவோர் கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். அம்மாளிகைக்குத் தண்ணீர் கொணர்ந்த மண்குழாய்களை நினைப்போர் சிலரே. குழாய் பதித்தவனின் வேலையை மண் மூடிக்கொண்டது. ஆயினும் பொருத்து ஒன்று பிசகியிருந்தால் நீர் வந்து சேர்ந்திராது. பிறர் கண்ணில் படாத வேலையில் நேர்மை எதற்கு? இவ்வினா, அதே ஊரின் லேத் பட்டறை ஒன்றில் அண்மையில் என் முன் வந்து நின்றது.

அங்கே பழைய அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. உத்தரபாரா ஆலையில் அக்காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கேட்ட உதிரிப் பாகம் உடனே கிடைக்காமையால், எட்டு வால்வு கைடுகளையும் கடைந்தே தரவேண்டியதாயிற்று. வால்வின் தண்டு ஏறி இறங்கும் சிறு குழலே கைடு. தண்டுக்கும் குழலுக்கும் இடையே விடும் இடைவெளி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கேயாகும். மிகுந்தால் எண்ணெய் இறங்கிப் புகையும். குறைந்தால் சூட்டில் தண்டு இறுகிவிடும்.

"பாய், கையில இருக்கிற எம்.எஸ். ராடுலயே கடைஞ்சு போட்டுடுங்க. வண்டி ஓடினாப் போதும்" என்றார் வாடகைக்கு ஓட்டும் உரிமையாளர்.

"ஓடும் அண்ணே. எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. வார்ப்பிரும்பு வரணும், நாளைக்கு வாங்க" என்றார் கடைசல்காரர்.

வார்ப்பிரும்பில் கலந்துள்ள கிராஃபைட் உராய்வைத் தணிக்கும். மென் உருக்கிலோ வால்வுத் தண்டு உரசிப் பற்றிக்கொள்ளும். ஹெட்டினுள் அடித்து இறக்கியபின் எது எதுவென்று உரிமையாளர் அறியார்.

கேட்டவரே இசைந்தபின் கொடுப்பவர் மீது குற்றம் என்ன எனலாம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு நாள் வருவாய் சிறிதன்று. ஆயின் இசைவு என்பது அறிந்தவன் தருவது. அறியாதவனின் இசைவைக் கேடயமாகப் பிடிப்பது, ஈரத் தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வணிகனின் செயலையே ஒக்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்குவியலுள் கைவிட்டுப் பார்த்தே அதனைக் கண்டித்தார்கள்.

குறையை விளக்கிய பின்னும் உரிமையாளர் வற்புறுத்தினால்? தம் சொந்த வண்டி, தாமே ஓட்டுவார் எனில், செய்து கொடுத்தல் ஆகும் என்றே கருதுகிறேன். வாடகை வண்டியில் ஏறப்போகும் குடும்பமோ இசைவு தரவில்லை. அவர்களுக்காகப் பேச அப்பட்டறையில் கடைசல்காரரை விட்டால் வேறு எவருமில்லை.

அப்படியானால் கடைந்த பாகமே போலியா? அன்று. கோவையின் ஜி. டி. நாயுடு (1893–1974) மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே பொறியியல் கற்றார். பார்த்துச் செய்வது இழிவன்று. பிறர் நிறுவனத்தின் பெயரைப் பொறித்து, அவர்தம் பெட்டியிலிட்டு விற்பதே போலி. "இது நான் கடைந்தது" என்று சொல்லிக் கொடுப்பதில் வஞ்சனை இல்லை.

திருமறையின் 34ஆம் அத்தியாயம், இரும்பு இளக்கித் தரப்பட்ட தாவூது நபி (அலை) அவர்களைப் பேசுகிறது. போர்க்கவசத்தின் வளையங்களை அளவறிந்து கோக்கும்படி அங்கே கட்டளை வருகிறது. அதனைத் தொடர்ந்தே நல்லறம் செய்யுமாறும், செய்வன யாவையும் தான் காண்பதாகவும் இறைவன் உரைக்கிறான். அளவும் அறமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

மறுநாள் சென்றபோது, கைடுகளை இறக்குவதற்கென்று படி விட்ட இரும்புக்கோல் ஒன்றை அவர் கடைந்துகொண்டிருந்தார். நேரே சுத்தியால் அடித்தால் கைடின் விளிம்பு சிதையும். அன்றைய வேலை முடிந்ததும் மூலையில் கிடக்கப்போகும் அக்கோலுக்கும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். பிரேக்குக்கான பாகம் ஒன்றைக் கடைந்து தரமுடியுமா என ஒருவர் கேட்க, மறுத்தார். "சோதிச்சுப் பார்க்க என்கிட்ட வழியில்ல" என்றார். தன்னால் உறுதிகூற இயலாததைச் செய்யாதிருப்பதும் தொழிலின் அமானிதமே.

உரிமையாளர் ஒரு நாள் வருவாயை இழந்தார். முகத்தில் சிறிது மனக்குறையும் இருந்தது. தமக்குச் செய்யப்பட்ட நன்மை இன்னதென்பதை அவர் ஒருபோதும் அறியாதிருக்கலாம். அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதே கடைசல்காரருக்குப் போதுமானதாயிற்று. நமக்கும் அது போதுமானதாகட்டும்.