நிறுப்பவனின் எடை

2022 பிப்ரவரி 19-ந் தேதி தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். அதற்கு மூன்று நாள் முன்பு, போளூரில், எங்கள் தெருவில் பட்டு நெய்யும் வயதான அம்மாள் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியில் நின்றேன். "நீ படிச்சவன் தம்பி. யாருக்குப் போடலாம், நீயே சொல்லு" என்றார். "உங்க மனசுக்கு யார் சரின்னு படுதோ அவங்களுக்குப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சொன்னபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அவருடைய சுதந்திரத்தில் நான் குறுக்கிடவில்லை என்ற திருப்தி. பிறகு யோசிக்க யோசிக்க அது அவ்வளவு கௌரவமான பதிலாகத் தோன்றவில்லை. அவர் என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. ஒரு காரியத்தைச் சேர்ந்து யோசிக்கக் கூப்பிட்டார். நான் மரியாதை என்ற பெயரில் கழன்றுகொண்டேன்.

நம்மைப் போன்றவர்களிடம் இந்தக் கழன்றுகொள்ளல் சகஜம். ஒரு கவிதை போலி என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. அதற்காகச் சிநேகிதங்களை இழந்திருக்கிறோம். மதிப்பிடாமல் ரசிப்பது என்று ஒன்று கிடையாது என்று சத்தமாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் தெருச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பொறுப்பேற்கப்போகிற ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால், "எல்லாரும் ஒண்ணுதான்" என்று முடித்துவிடுகிறோம். எல்லாரும் ஒன்று என்பது ஒரு மதிப்பீடுதான். எல்லாரையும் நிறுத்துப் பார்த்தவனுக்கே அப்படிச் சொல்ல அதிகாரம் உண்டு. நாம் தராசைத் தொடாமலே எடை சொல்கிறோம்.

டீக்கடையில் நிறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கேட்டவரையில் நாலு எடைக்கற்கள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று, நம்ம ஆளு. இரண்டு, ஆளுங்கட்சி, அவர் வந்தால் காரியம் நடக்கும். மூன்று, சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வருகிறவர். நாலு, ஏற்கனவே சொத்து உள்ளவர்; இனிமேல் சம்பாதிக்க வேண்டியதில்லை. 2016-ல் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்குப் பாதி என்று சட்டம் வந்துவிட்டதால் வேட்பாளர்களில் பெண்கள் பலர். ஆனால் பெண் நிற்கும் வார்டுகளைப் பற்றிய பேச்சில் தராசுத் தட்டில் ஏறியது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்.

இந்தக் காரணங்களைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் பட்டு நெய்கிற ஊர்க்காரர்களுக்கு எடை என்பது விளையாட்டு இல்லை. முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். சேலை முடிந்து கொண்டுபோனால் மறுபடி நிறுப்பார். குறைந்தால் கூலியில் கேள்வி வரும். பட்டு, நிறுப்பதற்குச் சிரமமான வஸ்து. கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் பசை இறங்கி எடையில் கிட்டத்தட்டக் கால்வாசி போய்விடும். காற்றில் ஈரம் இருந்தால் பட்டு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை ஏற்றாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. ஆகவே எந்த நிலையில் நிறுத்தது என்று சொல்லாமல் பட்டின் எடையைச் சொல்வதில் அர்த்தமில்லை. மனிதனும் அப்படித்தான். ஓட்டுக் கேட்டு வருகிற பதினைந்து நாளில் வேட்பாளர் ஈரத்தோடு இருக்கிறார். கொதித்த பிறகு மிச்சமிருக்கிற எடை எவ்வளவு என்பதே கேள்வி.

வள்ளுவர் இதை யோசித்திருக்கிறார். குறளின் 51-ஆம் அதிகாரமான 'தெரிந்துதெளிதல்' இந்த வேலையைப் பற்றியது. குணம், குற்றம் இரண்டையும் பார்த்து, எது மிகுதியோ அதை வைத்து முடிவுக்கு வரச் சொல்கிறது. எவ்வளவு கற்றவனிடமும் கொஞ்சம் அறியாமை இருக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறது. குறையில்லாத ஆளைத் தேடுவது அங்கே நிபந்தனை அல்ல. "எல்லாரும் ஒண்ணுதான்" என்பதற்கு அந்த ஒரு நினைப்பே போதுமான பதில். குற்றம் எல்லாரிடமும் உண்டு என்பதிலிருந்து குற்றம் எல்லாரிடமும் சமம் என்பது வராது.

ஆனால் அந்த அதிகாரம் அரசனை நினைத்துச் சொல்லப்பட்டது. தராசு ஒருவன் கையில் இருக்கிறது. நிறுக்கப்படுகிறவர்கள் அவனை நிறுக்க முடியாது. தேர்தலில் நிலைமை வேறு. நாம் வேட்பாளரை நிறுக்கும் அதே சமயத்தில் அவர் நம்மை நிறுத்துக்கொண்டிருக்கிறார்: இந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த ஜாதி எவ்வளவு, எந்த வீட்டுக்கு எவ்வளவு. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் இந்தக் கணக்குக்கு ஒரு பெயரே கொடுத்தது. 2019-ல் பக்கத்து வேலூர்த் தொகுதியின் பாராளுமன்றத் தேர்தல் பணத்தின் காரணமாக ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது. விலை உள்ளதன் இடத்தில் அதற்குச் சமமான இன்னொன்றை வைக்கலாம், கண்ணியம் உள்ளதன் இடத்தில் எதையும் வைக்க முடியாது என்று கான்ட் 1785-ல் எழுதினார். பணம் வாங்கிய ஏழை தன்னை விற்றுவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு உறுத்துவது, தராசு கை மாறிவிடுகிறது என்பது. ஆயுள் முழுவதும் இன்னொருவர் தராசில் நிறுக்கப்பட்ட ஒரு நெசவாளிக்கு, நிறுக்கும் முறை அந்த ஒரு நாள்தான் வருகிறது. அன்றும் அவர் நிறுக்கப்படுகிற சரக்காகிவிடுகிறார்.

மனிதனை நிறுப்பது இவ்வளவு சிக்கல் என்றால் நிறுக்காமலே விட்டுவிட்டால் என்ன? உத்திரமேரூர் அந்த வழியைத்தான் பார்த்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. 30 குடும்புகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். யார் உயர்ந்தவன் என்ற கேள்வியே அங்கு இல்லை. யார் கூடாது என்பதை மட்டும் தீர்மானித்துவிட்டு மிச்சத்தைக் குடத்திடம் விட்டார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய உறவினரும் கூடாது. கடந்த மூன்றாண்டில் பதவி வகித்தவன் கூடாது. எனக்கு இதில் ஒரு விவேகம் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரனின் குணத்தை ஊர் கூடி எடைபோட்டால், தோற்றவன் அதே தெருவில்தான் அப்புறமும் குடியிருக்க வேண்டும். குடம் யாரையும் அவமதிப்பதில்லை.

ஆனால் அந்தக் குடத்துக்குள் ஓலை போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி. எங்கள் தெரு அம்மாளின் பெயர் எந்தக் காலத்திலும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. நிறுக்கவில்லை என்று சொல்லிக்கொண்ட தராசு, நிறுக்கத் தகுந்தவர் யார் என்பதை முன்பே நிறுத்துவிட்டது.

இது பத்தாம் நூற்றாண்டோடு போன சமாசாரம் இல்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30-ந் தேதி வேறு ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996-லிருந்து பத்து வருஷம், ஒதுக்கப்பட்ட நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கே முருகேசனின் குணத்தையோ குற்றத்தையோ யார் ஆராய்ந்தார்கள்? உட்கார்ந்ததே குற்றம் என்று ஆகிவிட்டது.

அந்த அம்மாள் தன் கேள்விக்குத் தானே பதில் கண்டுபிடித்திருந்தார். மறுநாள் அவருடைய மருமகள் சொல்லித் தெரிந்தது: "அத்த சொல்லுது, அவன் வூட்டுக்கு நா போனா உக்காருன்னு சொல்லுவானா, நிக்க வெச்சே பேசி அனுப்புவானா, அதான் எனக்கு வேணும்னுது."

முதலில் எனக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. உட்காரச் சொல்கிறவன் சாக்கடையைத் தூர்வாருவான் என்று என்ன நிச்சயம்? பசப்புக்காக நாற்காலி போடுகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் டீக்கடையின் நாலு எடைக்கற்களோடு வைத்துப் பார்த்தால் இது அவற்றைவிட நேர்மையானது. ஒருவனின் உள்ளத்தைத் தெரிந்துகொண்டதாக இது பாவனை செய்வதில்லை. செய்கையைக் கேட்கிறது. அவர் தானே போய்ச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று. வேலையோடு சம்பந்தம் இல்லாததும் அல்ல. உட்காரச் சொன்னவன் குறையை முழுக்கக் கேட்டாக வேண்டும். நிற்க வைத்தவனுக்கு அது வாசலோடு முடிந்துவிடும்.

ஆனாலும் இது ஒரு கோணம். போளூரை அடுத்த திருமலையில் இருக்கிற சமணர்கள் அநேகாந்தவாதம் என்று சொல்வார்கள்: எந்தப் பொருளைப் பற்றிய எந்தக் கூற்றும் ஒரு நிலையிலிருந்து மட்டுமே உண்மை. இதை எதையும் தீர்மானிக்காமல் இருப்பதற்கான அனுமதியாக நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. தீர்மானிக்கிறபோது எந்த இடத்தில் நின்று தீர்மானிக்கிறேன் என்று சொல்லும் கடமையை அது விதிக்கிறது. நின்ற இடத்தைச் சொன்னால்தான் இன்னொருவர் தன் இடத்திலிருந்து தெரிவதைச் சேர்க்க முடியும். அந்த அம்மாளின் கேள்வியோடு நான் இரண்டு சேர்த்திருக்கலாம். உட்காரச் சொல்பவர் காலனியிலிருந்து வருகிறவரையும் அதே நாற்காலியில் உட்காரச் சொல்வாரா? செலவழித்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவாரா? முதலாவது மேலவளவு கற்றுக்கொடுத்தது, இரண்டாவது உத்திரமேரூர். அவருக்குத் தெரிந்ததை நான் வாங்கி, எனக்குத் தெரிந்ததை நான் கொடுத்திருந்தால், யாருடைய பெயரையும் சொல்லாமலே அவருக்குப் பதில் சொல்லியிருக்க முடியும். பதில் சொல்லாததோடு, நான் அவருடைய ஒரு எடைக்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட்டேன். காலனியைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இவ்வளவு நிறுத்தும் நாம் தேர்ந்தெடுத்தது வார்டு உறுப்பினரை மட்டுமே. 1996, 2001, 2011-ல் மேயரையும் தலைவரையும் ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2022 மார்ச் 4-ந் தேதி அது நடந்தபோது, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பதவிகளில் சில ஊர்களில் தி.மு.க.காரர்களே நின்று ஜெயித்து, ராஜினாமா செய்யும்படி மு.க. ஸ்டாலின் சொல்ல வேண்டி வந்தது. நாம் நிறுத்தவர் இன்னொரு தராசைக் கையில் எடுத்துக்கொள்கிறார். அங்கே நம் எடைக்கற்கள் செல்லுபடியாவதில்லை. அப்படியானால் நம்முடைய நிறுவை வீண்தானே என்று கேட்கலாம். அது நேர்மாறாக என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவரை நான் நேரே நிறுக்க முடியாது. ஆகவே நல்ல தராசாக இருக்கக்கூடிய ஆளையே நான் நிறுத்து அனுப்ப வேண்டும். வேலை கூடுகிறது, குறையவில்லை.

யார் ஜெயித்தார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அந்த அம்மாள் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய ரகசியம். அவருடைய சோதனையை எனக்கே வைத்துப் பார்த்தேன். குழித்தறியில் இருப்பவரோடு முகத்துக்கு முகம் பேச வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். அன்று நான் நிலைப்படியில் நின்றபடியே பதில் சொல்லிவிட்டுப் போனேன்.