பெயரும் பங்கும்

துன்புறும் உயிர்க்கு உதவுதல் அறம் என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இல்லை. யாருக்கு, எவ்வளவு என்று பங்கிடத் தொடங்கும்போதுதான் வேறுபாடு எழுகின்றது. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் குறித்து இன்று நிகழும் வழக்கு அத்தகையதே.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். நெடுங்காலம் இது மிக அரிதானது என்றே கருதப்பட்டது. பின்னர் அதன் எல்லை படிப்படியாக விரிந்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், சரளமாகப் பேசவும் பயிலவும் வல்லாரிடம் காணப்படும் ஆஸ்பெர்கர் நிலையையும் ஆட்டிசத்துள் அடக்கியது. அதனால், ஒரு சொல்லும் பேசாது பிறர் ஊட்ட உண்ணும் சிறுவனும், பட்டம் பெற்றும் அலுவலகத்தில் பழக இயலாது தவிக்கும் இளைஞனும் ஒரே பெயரால் அழைக்கப்படலாயினர்.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதனைப் பெயர் கூறி ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்து, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு அரசுப் பணியில் 4 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அதில் 1 விழுக்காட்டையே ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோர் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் மனத்தாங்கல் பிறக்கின்றது. “பேசத் தெரிந்தவர்களே எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டால் எம் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?” என்று ஒரு சாரார் வருந்துகின்றனர். “வெளியே தெரியாத துன்பம் துன்பமாகாதா?” என்று மற்றொரு சாரார் வினவுகின்றனர். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டுவோர்க்கு ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்னும் தனிப்பெயரை முன்மொழிந்தபோதும் இவ்வழக்கே எழுந்தது.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வழக்கு வேறாகத் தோன்றும். அங்கே பெயர் மிகுதியாக வழங்கப்படுகின்றது என்பதன்று குறை. பெயரே வந்து சேர்வதில்லை என்பதே குறை. பேசாத பிள்ளையை ‘தாமதமாகப் பேசும்’ என்றும், ஒதுங்கும் பிள்ளையைப் ‘பிடிவாதம்’ என்றும் கூறி ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. சான்றிதழ் வேண்டுமாயின் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டும். ஓசையைப் பொறாத குழந்தையை, கணவாய்ச் சாலையின் லாரி இரைச்சலுக்கிடையே பேருந்தில் அழைத்துச் செல்லும் தாயின் நிலையை எண்ணிப் பார்ப்போமாக.

சென்றபின் அளவுகோல் ஒன்று காத்திருக்கின்றது. ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் உருவாக்கப்பட்ட அவ்வளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழெனில் ஆட்டிசம் இல்லை. 69 பெற்ற குழந்தைக்கும் 70 பெற்ற குழந்தைக்கும் வாழ்க்கையில் எவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும்? ஆயினும் கோடு ஒன்று இன்றி அரசு இயங்க இயலாது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

ஆகவே நாம் தெளிய வேண்டுவது ஒன்று. பெயர் என்பது உண்மையைப் பற்றியது. பங்கு என்பது தேவையைப் பற்றியது. பங்கு குறையுமென அஞ்சி ஒருவர்க்கு உண்மையான பெயரை மறுத்தல் பொய்ம்மையாகும். ஒரே பெயர் உடையார் என்பதற்காக அனைவர்க்கும் ஒரே பங்கு அளித்தலும் நீதியாகாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமே மிகுந்த துணை வேண்டுவோர் தனியே விண்ணப்பிக்கவும், அவர்தம் தேவை தனியே மதிப்பிடப்படவும் வழி வகுத்துள்ளது. மேலும், இரு சாராரும் பெரும்பாலும் ஒரே பொருளை நாடுவதுமில்லை. பட்டதாரி இளைஞன் வேண்டுவது தேர்வில் கூடுதல் நேரமும் அமைதியான பணியிடமும். பேசாத சிறுவன் வேண்டுவது பயிற்சியும், பகல்நேரப் பராமரிப்பும், பெற்றோர்க்குப் பின் ஒரு பாதுகாவலரும். பொருள் உண்மையாகவே போதாதவிடத்து, தனக்காகப் பேச இயலாதவனுக்கே முதலிடம் அளித்தல் முறை.

சட்டம் செய்ய வேண்டுவன பல. நம் இல்லங்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. சம்பந்தம் தடைப்படுமோ என்றஞ்சிப் பிள்ளையின் நிலையை மறைக்கும் வழக்கம் சிறிய சமூகங்களில் எளிதில் வேரூன்றுகின்றது. மறைக்கப்பட்ட பிள்ளைக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. அத்தகைய பிள்ளை உள்ள இல்லத்துக்குச் சென்று, அத்தாய் ஒரு பொழுதேனும் ஓய்வுகொள்ளத் துணை நிற்போமாக. அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டுவதில்லை.