முடிச்சிடுவோர் கடன்

மின்விளக்கு எட்டாத நாளில், கெடா மாநிலத்துத் தோட்டப்புற லயங்களில் இரவுப் பொழுதைக் கழிக்க விடுகதை ஒன்றே போதுமானதாயிருந்தது. பால்மரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, "விடியுமுன் வெட்டுப்படுவாள், விடிந்தபின் வெள்ளைக் கண்ணீர் வடிப்பாள், யார் அவள்?" என்று மூதாட்டி ஒருத்தி தொடுப்பாள். வாசற்படியில் அமர்ந்த சிறுவர் ஆளுக்கொரு விடை சொல்வர். முடியாதபோது தோல்வியை ஒப்புக்கொள்வர். ஒப்புக்கொண்டபின் விடையைச் சொல்லியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். விடையே இல்லாமல் விடுகதை போட்டவனை மறுநாள் ஆட்டத்தில் சேர்க்கத் தயங்குவர்.

முடிச்சைப் போடுகிறவன் அவிழ்க்கிறவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? இவ்வினா அச்சட்டத்துள் அடங்கிக் கிடக்கிறது. வினாத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் உலகம் இதனைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கிவிட இயலாது.

தமிழில் புதிரமைப்பு நெடிய மரபுடையது. திருஞானசம்பந்தர் மாலைமாற்றில் பதிகமே பாடினார். தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் நாகபந்தம், சக்கரம், காதைகரப்பு முதலியவற்றுக்கு இலக்கணம் வகுத்தது. இவற்றுக்கு மிறைக்கவி என்றும் பெயருண்டு. மிறை என்றால் வருத்தம். யாருடைய வருத்தம் என்பதே கேள்வி. பாடியவன் பட்ட வருத்தமா, படிப்பவன் படும் வருத்தமா?

வில்லிபுத்தூராரைப் பற்றிய செவிவழிக் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர் கையில் துறட்டியுடன் புலவர்களை வாதுக்கழைத்து, தோற்றவர் காதை அறுப்பாராம். அருணகிரிநாதரோடு வாதிட்டபோது, அவர் பாடப்பாட வில்லியார் உரை சொல்லிவந்தார். கந்தரந்தாதியின் 54ஆம் செய்யுள், தகர வருக்க எழுத்துகளாலேயே ஆனது, வந்ததும் உரை நின்றது. அருணகிரியார் காதை அறுக்கவில்லை. பொருளைத் தாமே விரித்துரைத்து, அக்கொடிய வழக்கத்தையும் நிறுத்தச் செய்தார். "கருணைக்கு அருணகிரி" என்னும் வழக்கு இதன் அடியாக எழுந்தது என்பர். இது வரலாறாக நிகழ்ந்ததா என்று ஆராய்வோர் ஆராயட்டும். எவரும் அவிழ்க்க முடியாத முடிச்சைப் போட்ட ஒருவரைத் தமிழ் மக்கள் நினைவில் வைத்தது அவர் போட்ட முடிச்சுக்காக மட்டுமன்று, அதை அவிழ்த்துக் காட்டியதற்காகவும் அன்றோ!

இதே வினாவை இக்காலக் கணினி விளையாட்டுச் சுவைஞர் கூட்டமொன்றும் எதிர்கொள்ள நேர்ந்தது. 1989இல் அமெரிக்கரான சக் சொமர்வில், அட்டாரி நிறுவனத்தின் லின்க்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காகச் 'சிப்ஸ் சேலஞ்ச்' என்ற புதிராட்டத்தைப் படைத்தார். கட்டங்களாலான களத்தில் ஒரு சிறுவன் சில்லுகளைத் திரட்டி, குறித்த நேரத்துக்குள் வாயிலை அடைய வேண்டும். வழியில் நீரும் நெருப்பும் உயிரினங்களும் தடுக்கும். பாறைக்கட்டிகளைத் தள்ளலாம், இழுக்க இயலாது. நீருக்குள் தள்ளிய கட்டி மண்ணாகி வழிவிடும். 1992இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பதிப்பால் இது பல நாட்டு வீடுகளுக்கும் சென்றது.

விளையாடியோர் விளையாட்டோடு நிற்கவில்லை. எத்தனை நொடி மீதமிருக்க முடித்தோம் என்று போட்டியிட்டனர். பின்னர்த் தாமே நிலைகளை அமைக்கவும் தொடங்கினர். ஊதியமில்லை, புகழும் சிறிதே. அமைத்தவற்றுள் நல்லவற்றை வாக்களித்துத் தேர்ந்து, 2002இல் 149 நிலைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டனர். மூல ஆட்டத்தை முதலாவதாகக் கொண்டு, அதற்கு இரண்டு என்று எண்ணிட்டனர். 2010இல் மூன்றாவது வந்தது. பழகியவர் பழகியவருக்காகச் செய்தவை இவை. புதிதாக வந்தவன் மிரண்டான். 2014இல் அக்கூட்டம் வெளியிட்ட அடுத்த தொகுப்புக்கு நான்கு என்று எண்ணிடவில்லை. ஒன்று என்றே எண்ணிட்டது. மூல ஆட்டத்தின் நிலைகள் உரிமைக்குட்பட்டவை. அவற்றுக்கு ஈடாக, புதியவர் கைப்பிடித்து ஏற எளிய படிகளாக அமைந்தது அத்தொகுப்பு. நான்காவது 2017 வரை காத்திருந்தது.

எளிமையைப் புகழ்வது சோம்பலுக்கு வழிவகுக்கும் என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. வருந்தாமல் வாய்த்த விடை மனத்தில் தங்காது. ஆனால் கடியது செய்தல் எளிது, எளியது செய்தலே கடிது. விடையறிந்தவன் கண்ணுக்குத் தன் முடிச்சு எப்போதும் சிறிதாகவே தோன்றும். அதனை அறியாதவனின் இருளில் தானும் சற்று நின்று பார்க்க வேண்டும். அப்பயிற்சி அறிவைச் சார்ந்ததன்று, பரிவைச் சார்ந்தது.

அவ்வாட்டத்தில் வேறொரு கொடுமையும் உண்டு. தொடக்கத்திலேயே ஒரு பாறைக்கட்டியை மூலையில் தள்ளிவிட்டவன், அதை இழந்ததால் இறுதியில் நீரைக் கடக்க இயலாது என்பதை அறியாமலே நெடுநேரம் ஆடிக்கொண்டிருப்பான். உண்மையில் அவன் எப்போதோ தோற்றுவிட்டான். எனினும் ஆட்டக்காரனுக்கு ஓர் ஆறுதல், முதலிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் ஆண்டில் பின்னத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டு ஆறாம் ஆண்டுவரை நடந்துவந்த மாணவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் எந்த மூலையில் கட்டியைத் தள்ளினான் என்று நான்காண்டுகளாக யாரும் கேட்கவுமில்லை.

1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அதுவரை தொடக்கப் பள்ளியின் பெரிய முடிச்சை எங்கோ ஒரு வாரியம் போட்டது. அவிழ்க்கக் கற்பிப்பதே ஆசிரியர் பணியாயிருந்தது. வகுப்பறை மதிப்பீட்டில் முடிச்சும் ஆசிரியர் கையிலேயே வந்துவிட்டது. சுங்கைப்பட்டாணி, கூலிம் பட்டணத்துப் பெரிய பள்ளியாயினும், நூறு பிள்ளைகளும் இல்லாத தோட்டப் பள்ளியாயினும் நிலைமை இதுவே. உயர்நிலைச் சிந்தனை வினா என்ற பெயரில் சொற்புதரை வளர்த்து, அதனுள் ஓர் எளிய கணக்கை ஒளித்துவைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. "இருபது விழுக்காடு கழிவு" என்று வினா சொல்கிறது. கழிவென்றால் குப்பை என்று மட்டும் அறிந்த பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு விழுக்காடு தெரியும், கழித்தலும் தெரியும். ஆயினும் தாளில் சிவப்புக் கோடு விழுகிறது. சிந்திக்கத் தெரியாத பிள்ளை என்று பதிவும் ஆகிறது. துறட்டிக்கும் அச்சிவப்புக் கோட்டுக்கும் வேறுபாடு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

லயத்தில் விடுகதைக்குத் தோற்ற சிறுவன் அழுததில்லை. விடையைக் கேட்டதும் நெற்றியில் அறைந்துகொண்டு, "இதுதானா!" என்று சிரிப்பான். மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும், அந்த முடிச்சைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லயத்துப் பிள்ளைகளைத் தேடி ஓடுவான்.