எடையற்ற பொருளுக்கும் எல்லை உண்டோ?

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைக்கப்பெற்றது பரிக்கிரக பரிமாணம். நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், ஆடை, கலம் முதலியவற்றுக்கு ‘இவ்வளவே போதும்’ என்று தாமே ஓர் எல்லை வரைந்துகொண்டு, அதனைக் கடவாதிருத்தலே அவ்விரதம். முன்னோர் எண்ணிய புறப்பொருள்கள் பத்தும் கண்ணால் காணத்தக்கவை. கணினியில் நாம் சேமிக்கும் படங்களும் எழுத்துகளும் அவற்றுள் அடங்குமோ? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதில் என் குற்றமும் உண்டு.

திருமலைச் சிகாமணிநாதர், குந்தவை ஜினாலயம், பொன்னூர் மலையிலுள்ள குந்தகுந்தாசாரியர் திருவடிகள் ஆகியவற்றின் படங்களையும், இணையத்தில் படித்துச் சேமித்த பல்லாயிரம் பக்கங்களையும் ஒரு பழைய வன்தட்டில் வைத்திருந்தேன். அது பழுதாகுமுன் புதியதொன்றில் படியெடுத்துத் தருமாறு என் தம்பியின் பேரனிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் கொணர்ந்தான். பழைய தட்டில் 38 ஜிகாபைட் இடம் கொண்டவை புதியதில் 45 ஜிகாபைட் கொண்டிருந்தன.

“தம்பி, உன் சினிமாப் படங்களையும் இதில் ஏற்றிவிட்டாயா?” என்று கேட்டேன். வினாவாகத் தொடங்கியது குற்றச்சாட்டாக முடிந்தது. “நான் ஒன்றும் ஏற்றவில்லை, பாட்டி” என்று மட்டும் சொல்லிச் சென்றான். இரண்டு இரவுகள் அவனை ஐயுற்றே கழித்தேன்.

மூன்றாம் நாள் அவனே வந்து இரு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றே. அவற்றின் உண்மை அளவும் ஒன்றே. ‘தட்டில் கொள்ளும் இடம்’ என்ற வரி மட்டுமே வேறுபட்டது. காரணத்தையும் விளக்கினான்.

கார்த்திகை தீபத்தின்போது நம் ஊர்ச் சத்திரம் ஒன்றில், வந்தவர் ஒருவராயினும் அறுவராயினும் தனித்தனி அறை தரவேண்டும் என்பது விதியென்று கொள்வோம். ஒருவர் தங்கிய அறையில் மிஞ்சிய இடம் வேறெவர்க்கும் பயன்படாது. வன்தட்டும் அத்தகையதே. அது கிளஸ்டர் எனப்படும் சம அளவுள்ள அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஓரறையில் இரு கோப்புகள் தங்குவதில்லை. பழைய தட்டு என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்தது, அதில் அறையின் அளவு பெரும்பாலும் 4 கிலோபைட். புதியது எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்தது. பெரிய தட்டுகளில் அதன் அறை வழக்கமாக 128 கிலோபைட். ஆகவே 2 கிலோபைட் அளவுள்ள 40,000 துணுக்குகளின் உள்ளடக்கம் ஏறத்தாழ 80 மெகாபைட்டே ஆயினும், முன்னதில் அவை 160 மெகாபைட் இடத்தையும் பின்னதில் ஏறத்தாழ 5 ஜிகாபைட் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இணையப் பக்கமொன்றைச் சேமித்தால் அதனுடன் இத்தகைய துணுக்குகள் பல வந்து சேர்கின்றன. அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி வைப்பது எளிய தீர்வு. படியெடுக்குமுன்பே தட்டைச் சிறிய அறைகளுடன் அமைத்துக்கொள்வது மற்றொன்று; பின்னர் அமைத்தால் உள்ளிருப்பவை அழிந்துபோகும்.

தேடியபோது வேறொன்றும் தெரிந்தது. திருமலைப் படங்களே மூன்று இடங்களில் மூன்று முறை இருந்தன. அவற்றை அங்கே வைத்தவள் நான்தான்.

இனி வினாவிற்கு வருவோம். களஞ்சியத்தில் நெல்லைப் பதுக்கினால் பிறர் பசித்திருப்பர். படத்தைப் படியெடுத்தால் எவர்க்கும் குறைவில்லை. அவ்வாறாயின் அது பரிக்கிரகம் ஆகுமோ என்று கேட்கலாம். பொருளன்று, பொருளின்மேல் கொண்ட பற்றே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. பார்க்காத படத்தையும் படிக்காத பக்கத்தையும் ‘என்னிடம் இருக்கட்டும்’ என்று சேர்த்தது அப்பற்றே.

அங்ஙனமாயின் படியெடுத்தலே தீதோ? அன்று. ஏடுகள் செல்லரித்தும் நூல்கள் பிழைத்தமைக்குக் காரணம் பல படிகள் இருந்தமையே. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இயன்றது, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பு நோக்கியும் கும்பகோணத்துச் சமணர்களிடம் பொருள் கேட்டறிந்தும் அன்றோ? அப்படிகள் பல கைகளில் இருந்தன. ஆகவே அது சாத்திர தானம். என் மூன்று படிகளும் ஒரே கையில் இருந்தன. தட்டு பழுதானால் மூன்றும் ஒருங்கே மறையும். பாதுகாப்புமில்லை, தானமுமில்லை.

புறப்பொருள் பத்தென்ற முன்னோர், அகப் பரிக்கிரகம் 14 என்றனர். குரோதமும் மானமும் அவற்றுள் அடங்கும். ஆசிரியையாகிய நான் தவறேன் என்ற மானமே, ஆராயாமல் பிள்ளையைக் குற்றஞ்சாட்ட வைத்தது. கடுகளவு ஐயம், இரண்டு இரவுகள் நெஞ்சின் ஓரறையை முழுதும் அடைத்துக்கொண்டது. அவ்வறையில் அவன்மீதுள்ள அன்பிற்கு இடமில்லாமற் போயிற்று.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கள் பாட்டி” என்றான். மிகைப்படிகளை நீக்கி, எஞ்சியவற்றுள் ஒரு படியை அவனிடமே கொடுத்து, கேட்பவர்க்கெல்லாம் கொடு என்றேன். என்னிடம் ஒன்று, பிறரிடம் ஒன்று என்பதே இனி நான் வரைந்துகொண்ட எல்லை.