மாற்றமும் வழுவும்

கண்டி மாநகரினின்று குருநாகல் நோக்கிச் செல்லும் நெடுவழியிலே உள்ளது கலகெதர என்னும் ஊர். அதன் அயலிலே நிகழ்ந்த சைவசமய வகுப்பொன்றைக் காணும் வாய்ப்பு எமக்கு ஒருகால் நேர்ந்தது. பத்து வயது நிரம்பாத மாணவன் ஒருவன் எழுந்து, "அம்மா கோயிலுக்கு வில்வ எலை குடுத்தாங்க" என்று முகமலர்ந்து கூறினான். ஆசிரியர் அவனை இடைமறித்து, "எலையன்று, இலை. குடுத்தாங்க அன்று, கொடுத்தார்கள். தோட்டத்துப் பேச்சைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வா" என்றார். பிள்ளைகள் நகைத்தனர். சிறிது பொழுதிற்குப் பின் தேவாரம் பாடும் முறை வந்தபோது அம்மாணவன் வாய் திறந்திலன்.

அவ்வாசிரியர் நல்லவர்; தொண்டுள்ளம் படைத்தவர். யாமும் எமது இளமையிலே இத்தகைய திருத்தங்களைப் பெருமிதத்தோடு செய்துள்ளோம். ஆதலின் அவரைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. எனினும் ஒரு வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அச்சிறுவன் செய்தது வழுவாமோ? வழுவன்றாயின், அதனை வழுவென்று கடிந்து ஒரு பிள்ளையின் நாவை அடக்குதல் அறமாமோ?

தமிழ் என்றும் மாறாத மொழி என்று மேடைகளிற் கேட்கின்றோம். மாறாததாயின், நூலோடு ஒவ்வாத பேச்செல்லாம் வழுவேயாம். ஆனால் நம் நூல்களே அதற்கு உடன்படவில்லை. பண்டையோர் யாடு, யாமை, யாறு, யாண்டு என வழங்கினர். நாம் ஆடு, ஆமை, ஆறு, ஆண்டு என்கின்றோம். முதன்முதலில் 'ஆமை' என்று சொன்ன பிள்ளையையும் யாரோ ஓர் ஆசிரியர் கடிந்திருத்தல் கூடும்! இன்று 'யாமை' என எழுதும் மாணவனையன்றோ நாம் வியந்து நோக்குவோம்? தன்மை ஒருமை வினைமுற்றின் விகுதிகளைத் தொல்காப்பியர் ஏழாக எண்ணினார். அவற்றுள் 'அன்' இல்லை. 13ஆம் நூற்றாண்டின் நன்னூலார் அதனையும் சேர்த்து ஓதினார். யாழ்ப்பாணத்தார் 'வாறன்', 'போறன்' என்பது அப்பிற்கால விகுதி கொண்டே. மலையகத்தார் 'வாரேன்', 'போறேன்' என்பதிலோ தொல்காப்பியர் ஓதிய 'ஏன்' விளங்குகின்றது. யாழ்ப்பாணத்தினின்று சென்று கற்பிக்கும் ஆசிரியர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

இதனினும் வியப்புடையது ஒன்றுண்டு. மொழிக்கு முதலில் வாரா எழுத்துகளைக் கூறுமிடத்து, சகரம் அ, ஐ, ஔ என்னும் உயிர்களோடு கூடி முதலில் வாராது என்பது தொல்காப்பியத்திற் பெருவழக்காகக் கொள்ளப்படும் பாடம். (ஔ ஒன்றனையே விலக்கும் பாடமும் உண்டு.) அப்பெருவழக்கான பாடத்தின்படி 'சமயம்' என்பதும் விலக்குண்ட சொல், 'சைவம்' என்பதும் விலக்குண்ட சொல். நமது நெறியின் பெயரே பழைய விதிக்குப் புறம்பானதாயிற்று! உரையாசிரியர்கள் இதற்கு அஞ்சினாரல்லர். காலத்தால் வந்து வழங்கும் சொற்களைக் கடிதல் கூடாதென்று தொல்காப்பியரே பிறிதோரிடத்துக் கூறியுள்ளாராதலின், அவ்விதி கொண்டு அமைதி காட்டினர்.

இனி, மாற்றம் என்பது மனம்போனபடி சிதைதலே என்பாரும் உளர். மொழிநூலார் கண்ட பேருண்மை இதற்கு நேர்மாறானது. ஒலிகள் மாறும்போது பெரும்பாலும் ஒழுங்குபட்டே மாறும். இன்ன இடத்தில் மாறும், இன்ன இடத்தில் மாறாது என வரையறை கூறலாம். தமிழிற் செவி என்பது கன்னடத்திற் கிவி. செய் என்பது பழங்கன்னடத்திற் கெய். பழைய ககரம் இ, எ முதலிய உயிர்களின் முன்னே தமிழிற் சகரமாயிற்று. ஆயின் கேள், கெடு என்பன இரு மொழியிலும் ககரமாகவே நின்றதென்னை? அவ்வுயிரை அடுத்து ட, ண, ழ, ள என்னும் நாமடி எழுத்துகள் வருமாயின் அம்மாற்றம் நிகழவில்லை என்று அறிஞர் கண்டனர். 1816இல் எல்லிசும், 1856இல் கால்டுவெலும் தென்னாட்டு மொழிகள் ஓரினம் என நிறுவியதும், 1961இல் பரோவும் எமனோவும் அம்மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டதும் இத்தகைய ஒப்புநோக்கினாலேயே.

அச்சிறுவனது 'எலை'க்கு வருவோம். அவன் இலையை எலை என்பான். விலையை வெலை என்பான். உலகத்தை ஒலகம் என்பான். புகையைப் பொகை என்பான். ஆனால் புலியைப் 'பொலி' என்னான். கிளியைக் 'கெளி' என்னான். குடியைக் 'கொடி' என்னான். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரின் முன்னின்ற இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும்; இகர உகரங்கள் வரின் ஆகா. இவ்விதியை அவனுக்கு ஒருவரும் கற்பித்திலர். திருச்சிராப்பள்ளியினின்றும் சேலத்தினின்றும் மதுரை, இராமநாதபுரப் பகுதிகளினின்றும் காப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த முன்னோர் தம் நாவிற் சுமந்து வந்த விதி அது. யாம் வகுப்பு முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து இச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டோம். ஓரிடத்தும் தவறினானல்லன். இலக்கணம் அறியாதவன் என்று நாம் கருதிய பிள்ளை இலக்கணத்தின் வழியே பேசிக்கொண்டிருந்தான்.

'குடுத்தாங்க' என்பதற்கோ பெருஞ்சான்று ஒன்றுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலே, தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் பெருமானுக்கு அளித்தவற்றைக் கல்லிலே வெட்டுக என முதலாம் இராசராசன் ஆணையிட்ட கல்வெட்டில், அவ்வளித்தலைக் குறிக்கும் சொல் 'குடுத்தன' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டாகச் சிவாலயச் சுவரில் நிற்கும் சொல்லை அச்சிறுவன் வகுப்பிற் சொன்னான், அதற்காக நகைக்கப்பட்டான். மொழிநூலார் கல்வெட்டுகளைப் போற்றுவது இதனாலேயே. புலவர் தம் நூலில் வழக்கை மறைப்பர். கல்லில் வெட்டியவரோ சிற்சில இடங்களில் நாவினாற் பேசியதையே வெட்டினர்.

இவ்வாராய்ச்சியிலே நமக்குள்ள ஓர் இடர்ப்பாட்டையும் கூறுதல் வேண்டும். கலகெதர என்பது சிங்களப் பெயர். அம்மொழியிற் கல என்பது பாறை. கெதர என்பது வீடு. 'கல' என்று கேட்டவுடன் 'இஃது எமது கல்' என்று நம் உள்ளம் துள்ளும். துள்ளுக, ஆனால் அவ்வளவிலே துணிதல் கூடாது. ஓரொலி ஒத்ததுகொண்டு உறவு நாட்டுவோர் உலக மொழிகள் அனைத்தையும் தமிழின் மக்களாக்கிவிடுவர். சிங்களவர் கடையைக் 'கடே' என்பதும், காசைச் 'சல்லி' என்பதும் தமிழினின்று சென்ற கடன் என்பது தெளிவு. கடன் கொடுத்ததனால் நாம் தாயாகிவிடவில்லை. அம்மொழி வடநாட்டு ஆரிய மொழியினமே. பெற்ற கடனும் நம்மிடம் மிகுதி: சன்னலும் அலமாரியும் மேசையும் போர்த்துக்கேயர் தந்தவை, கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. வாய்மையைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் மொழியின் பொருட்டும் பொய் கூறலாகாதன்றோ?

ஆயின் 'எல்லாம் மாற்றமே, வழுவே இல்லை; இலக்கணம் எதற்கு?' என்று ஒருவர் வினவலாம். அஃது எமது கருத்தன்று. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான் பிழையற்ற உரைநடையை நமக்குப் பழக்கினார். அவர் எழுதிய நடையும் நச்சினார்க்கினியர் நடையன்று, காலத்திற்கேற்ற புதுநடையே. எழுத்துமொழி என்பது ஊர்தோறும் காலந்தோறும் வேறுபடும் நாவுகளுக்கு இடையே கட்டிய பாலம். பாலத்திலே ஏறக் கற்பித்தல் வேண்டும். அதற்காகப் பிள்ளையின் வீட்டை இடித்தல் வேண்டா. பொருள் மயங்கச் சொல்லுதல் வழு. இருதிணையும் பாலும் பிறழ எழுதுதல் வழு. தேர்வுத்தாளில் 'குடுத்தாங்க' என்றெழுதுதல் இடமறியாமை. தாய் பேசிய சொல்லைத் தாய் பேசியவாறு சொல்லுதல் இவற்றுள் எதுவும் அன்று.

மெய்யாகவே நாம் கவலைகொள்ள வேண்டிய இடம் வேறொன்று. சிவபுராணத்திலே இறைவனைப் பற்றிக் கூறுமிடத்து 'நாற்றம்' என்னும் சொல் வருகின்றது. மணிவாசகர் காலத்தில் அது நறுமணம்; இன்றைய பிள்ளைக்குத் துர்க்கந்தம். அப்பரடிகள் திருவங்கமாலையில் இறைவன் திருவடிக்கீழ் இறுமாந்திருக்க விழைகின்றார். நாமோ இறுமாப்பைத் தீக்குணங்களுள் வைத்துக் கற்பிக்கின்றோம். இச்சொற்களை விளக்காது மனனம் செய்விக்கும் ஆசிரியர், 'எலை'யைத் திருத்துவதற்குச் செலவிட்ட நேரத்தை ஈண்டுச் செலவிடலாம். சொற்பொருள் மாறிற்று என்னும் உண்மையை அறிந்த பிள்ளைக்கே திருமுறையின் பொருள் திறக்கும்.

அம்மாணவனிடம் யாம் தஞ்சைக் கல்வெட்டைப் பற்றிக் கூறினோம். அரசரும் 'குடுத்த' என்றே வெட்டினார் என்றபோது அவன் நெடுநேரம் எம்மை நம்பவில்லை. பின்பு, "அப்ப, அப்பர் சாமி வீட்டுல அவுங்க அக்காகிட்ட எப்புடிப் பேசியிருப்பாரு, சேர்?" என்று கேட்டான். ஆசிரியர் எம்மை நோக்கினார். யாம் அவரை நோக்கினோம். அதற்குள் அவன் தேவாரப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டத் தொடங்கியிருந்தான்.