இறந்தோர்க்கான இசையும் இருப்போர்க்கான ஆறுதலும்

ஒரு சமயத்தின் மையக் கோட்பாட்டைச் சொல்லாமல் விட்ட இசைப்படைப்பைச் சமய இசை என்று கொள்ளலாமா என்னும் வினா, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ரொமாண்டிக் இசையில் யோகன்னஸ் பிராம்சின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்னும் படைப்பை ஒட்டிக் கூர்மையாக எழுந்தது. ரெக்வியம் என்பது இறந்தோர்க்காகக் கத்தோலிக்கத் திருச்சபை நிறைவேற்றும் திருப்பலியையும், அதன் இலத்தீன் மன்றாட்டுகளுக்கு அமையும் இசையையும் குறிக்கும் சொல்லாகும். இறந்தவரின் ஆன்மா இளைப்பாறவும் தீர்ப்பு நாளில் காக்கப்படவும் வேண்டுவதே அம்மன்றாட்டுகளின் சாரம். மொசார்ட்டும், பின்னர் 1874இல் வெர்டியும் அந்த இலத்தீன் பாடத்துக்கே இசையமைத்தனர்.

பிராம்ஸோ சமயச் சீர்திருத்தவாதி லூத்தரின் ஜெர்மன் விவிலியத்திலிருந்து வசனங்களைத் தாமே தெரிந்தெடுத்துக் கோத்து, இறந்தவருக்காக வேண்டுவதை விடுத்து, அழுதுநிற்பவரைத் தேற்றுவதையே பொருளாக்கினார். இறந்தோர் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்பதை மறுத்த லூத்தரன் மரபுக்கு இது அந்நியமன்று. ஆனால் கிறிஸ்துவின் பெயரும் மீட்பளிக்கும் அவரது மரணமும் அப்பாடத்தில் இடம்பெறாமையே சிக்கலாயிற்று. பிரேமன் பேராலயத்தின் இசைப் பொறுப்பாளர் கார்ல் ரைந்தாலர் 1867இல் இக்குறையைச் சுட்டியபோது, தலைப்பில் ‘ஜெர்மன்’ என்பதற்கு மாற்றாக ‘மானிட’ என்று வைக்கவும் தாம் உடன்படுவதாகவும், அத்தகைய வசனங்களை அறிந்தே தவிர்த்ததாகவும் பிராம்ஸ் மறுமொழி எழுதினார். 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று அப்பேராலயத்தில் அது அரங்கேறியபோது, மீட்பரைப் பற்றி ஹாண்டலின் ‘மேசியா’வில் வரும் பாடலும் உடன் பாடப்பட்டது, பாடத்தில் இல்லாததை அரங்கு வேறொருவரின் இசையால் நிரப்பிக்கொண்டது.

சமயத்தின் சாரம் கோட்பாட்டிலும் ஒழுக்க விதியிலும் இல்லை, எல்லையற்றதை உணரும் உணர்விலேயே உள்ளது என்று இறையியலர் ஷ்லையர்மாகர் 1799இல் வாதிட்டிருந்தார். அவ்வாதத்தை ஏற்பவர்க்கு இப்படைப்பு சமய இசையே. இதன் மூன்றாம் பகுதி, ஒரே இசைக்கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச்செல்லும் ஃப்யூக் என்னும் வடிவில் முடிகிறது. நீதிமான்களின் ஆன்மா இறைவன் கையில் உள்ளது என்னும் வசனத்தை அக்குரல்கள் பாடிச்செல்ல, அடியில் ‘டி’ என்னும் ஒரே சுரம், தம்பூராவின் ஆதார சுருதிபோல், தொடக்கம் முதல் இறுதிவரை அசையாது ஒலிக்கிறது. அந்த அசையாமை உறுதியான நம்பிக்கையைச் செவிக்கே உணர்த்துகிறது. எனினும் முழு அரங்கேற்றத்துக்கு முன், 1867 டிசம்பரில் வியன்னாவில் இப்பகுதி இசைக்கப்பட்டபோது, டிம்பனி முரசை இசைத்தவர் அச்சுரத்தை ஓங்கி முழக்க, குரல்கள் அதில் அமிழ்ந்துபோயின. வசனம் கேளாதபோது சுரம் மட்டும் அந்த நம்பிக்கையை உணர்த்திவிடாது.

ஆகவே உணர்வு மட்டும் போதும் என்று இப்படைப்பைக் கொண்டு நிறுவ இயலாது. கோட்பாட்டைத் தவிர்த்த பிராம்ஸும் ஆறுதலுக்குரிய சொற்கள் அனைத்தையும் வேதத்திலிருந்தே எடுத்தார். ‘பேறுபெற்றோர்’ என்னும் பொருளுடைய ஒரே ஜெர்மன் சொல்லே அதன் முதற்பகுதியையும் இறுதிப்பகுதியையும் தொடங்கிவைக்கிறது: முதலில் அது துயருறுவோரைச் சுட்டுகிறது, இறுதியில் இறந்தோரை.